கவிஞனின் இடுப்பில் கட்டிய கயிறு
கூண்டில் ஏறிய எழுத்து – 11

சென்ற இதழில் பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ரஞ்சித் உதேஷியின் வழக்கைப் பார்த்தோம். ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலைக் கடையில் வைத்து விற்றதற்காக அவருக்குக் கீழ்நீதிமன்றம் போட்ட அபராதம் 20 ரூபாய். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1964 ஆகஸ்ட் 19 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1868இல் இங்கிலாந்தில் பிறந்த ஹிக்ளின் அளவுகோல் இந்தியாவிலும் செல்லும் என்று ஆனது. ஒரு புத்தகம் யார் கைக்குப் போனால் அவர் மனம் கெடக்கூடுமோ, அவரை வைத்து அந்தப் புத்தகத்தை அளக்கும் கோல் அது.

அந்தத் தீர்ப்பு வந்து இரண்டே வாரம். செப்டம்பர் 2 அன்று கல்கத்தாவில் 11 இளம் எழுத்தாளர்கள் மீது வாரண்ட் பிறந்தது. இலக்கியத்தில் ஆபாசம் ஒரு குற்றச்சாட்டு. அரசுக்கு எதிரான சதி இன்னொன்று. சில நாட்களில் பாட்னாவில் 24 வயது வங்கி ஊழியர் ஒருவரைப் போலீஸார் பிடித்தார்கள். கைவிலங்கு மாட்டினார்கள். இடுப்பில் கயிறு கட்டினார்கள். பிறந்து வளர்ந்த ஊரின் தெரு வழியாக, திருட்டுக் கேஸில் பிடிபட்டவர்களோடு சேர்த்து நடத்திப் போனதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் பெயர் மலய் ராய் சௌத்ரி. செய்த குற்றம், ஒரு கவிதை.

இந்தத் தொடரில் இதுவரை வந்த வழக்குகளில் என்னை அதிகம் தூங்கவிடாதது இதுதான். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் நின்று நிதானமாகவே போகப் போகிறேன்.

மலய் 1939 அக்டோபர் 29இல் பாட்னாவில் பிறந்தார். குடும்பம் பெரிய குலம். கல்கத்தா நகரம் எழுந்த நிலத்துக்கு ஒரு காலத்தில் ஜமீன்தார்களாக இருந்த சாபர்ண ராய் சௌத்ரி வம்சம். ஆனால் பெயரில் இருந்த பெருமை வீட்டில் இல்லை. தாத்தா ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துப் பிழைத்தவர். அப்பாவுக்குப் பாட்னாவில் ஒரு ஃபோட்டோ கடை. குடியிருப்பு இம்லிதலா என்ற பகுதியில். சுற்றிலும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஏழை முஸ்லிம்களும். வங்காளி மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று அந்தச் சந்துகளின் இந்தியையும் போஜ்புரியையும் வசவுகளையும் காதில் வாங்கியபடி வளர்ந்தது. கல்கத்தாவின் படித்த வீடுகளில் புழங்கிய தூய வங்காளம் அவருக்குப் புத்தகத்தில் கிடைத்த மொழி; தெருவில் கேட்ட மொழி வேறு. நீதிமன்றத்தில் பின்னால் நடந்தது எல்லாம் இந்த இரண்டு மொழிகளின் மோதல் என்றே நான் வாசிக்கிறேன்.

1961 நவம்பரில் பாட்னாவிலிருந்து ஒரு துண்டறிக்கை வெளிவந்தது. ஒற்றைத் தாள். பாட்னாவில் வங்காள எழுத்து கோக்கும் அச்சகம் அமையாததால் ஆங்கிலத்தில் அச்சடித்தார்கள். ‘பசித்த தலைமுறை’ என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அப்போது மலய்க்கு 22 வயது. கூட இருந்தவர்கள் மூவர். அண்ணன் சமீர், ஏற்கெனவே கவிஞராகப் பேர் வாங்கத் தொடங்கியிருந்த சக்தி சட்டோபாத்யாய், ஹவுராவில் ஒரு குடிசைப் பகுதியில் வாழ்ந்த தேபி ராய். ஹராதன் தாரா என்ற தன் சொந்தப் பெயரை வைத்துக்கொண்டு கல்கத்தா இலக்கியக் கூடங்களின் வாசலை மிதிக்க முடியாத நிலையில் ‘தேபி ராய்’ ஆனவர் அவர். துண்டறிக்கைகளில் ஆசிரியர் முகவரியாக அந்தக் குடிசைப் பகுதி முகவரியே அச்சானது. வங்காள இலக்கிய ஏடுகளின் வரலாற்றில் இது சின்ன விஷயம் அல்ல.

‘பசி’ என்ற சொல்லை மலய் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவி சாசரிடமிருந்து எடுத்தார். அதற்குப் பின்னால் நின்ற சிந்தனை ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ஸ்பெங்லருடையது. ஒரு பண்பாடு உயிரோடு இருக்கும்வரை தனக்குள்ளிருந்தே படைக்கும். படைக்கும் சக்தி வற்றியதும் வெளியிலிருந்து வருவதையெல்லாம் வாரித் தின்னத் தொடங்கும். எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. தேசப் பிரிவினைக்குப் பிந்திய வங்காளம் அந்த நிலைக்கு வந்துவிட்டது என்பது மலயின் கணிப்பு. ஆனால் அந்தச் சொல்லுக்குத் தத்துவம் தேடி ஜெர்மனி வரை போக வேண்டிய தேவை வங்காள வாசகனுக்கு இருந்திருக்காது. 1943 பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்த மண் அது. சியால்டா ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் கிழக்கு வங்க அகதிகள் அடுப்பு மூட்டி வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். 1959 ஆகஸ்ட் 31 அன்று அரிசி கேட்டுக் கல்கத்தாவில் திரண்ட கூட்டத்தின்மேல் போலீஸ் தடியடி நடந்து பலர் செத்தார்கள். பசி என்ற சொல் அங்கே உவமை அல்ல.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இந்த இயக்கத்தை அமெரிக்க பீட் கவிஞர்களின் நகல் என்று தள்ளிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அவர்களில் ஒருவரான ஆலன் கின்ஸ்பெர்க் இந்தியாவில் கால் வைத்தது 1962 பிப்ரவரியில். முதல் துண்டறிக்கை அதற்கு முன்பே வந்துவிட்டது. கின்ஸ்பெர்க் கல்கத்தாவில் இந்தக் கவிஞர்களோடு பழகினார், 1963இல் பாட்னாவில் மலய் வீட்டிலேயே வந்து தங்கினார். யார் யாரிடம் என்ன வாங்கினார்கள் என்ற கணக்கு ஒரு பக்கமாக மட்டும் ஓடியதாக நான் நம்பவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் துண்டறிக்கைகள் பெருகின. கல்லூரித் தெருக் காபி ஹவுஸில் மேசை மேசையாகக் கொடுத்தார்கள். கலாசிடோலா நாட்டுச் சாராயக் கடையில் கவிதை வாசித்தார்கள். மைக்கேல் மதுசூதன் தத்தின் கல்லறை அருகே வாசித்தார்கள். நாளிதழ் ஒன்றுக்குச் சிறுகதை என்று வெற்றுத் தாளை அனுப்பினார்கள். புத்தக மதிப்புரைக்கு என்று செருப்பு டப்பாவை அனுப்பினார்கள். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளப்பட்டன. பொறுக்க முடியாமல் போனது முகமூடிகள். கடைத்தெருவில் குழந்தைகளுக்கு விற்கும் காகித முகமூடிகள், பூதம், கோமாளி, மிருக முகங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும், முகமூடியைக் கழற்றுங்கள் என்று அச்சடித்து அமைச்சர்களுக்கும் அரசுச் செயலாளர்களுக்கும் மாஜிஸ்ட்ரேட்டுகளுக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் தபாலில் அனுப்பினார்கள். பிரஃபுல்ல சந்திர சென் முதலமைச்சராக இருந்த காலம். வாரண்டில் ‘சதி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதை விளக்க இந்த முகமூடிகளே போதும். கவிதை காரணமாக மட்டும் அரசாங்கத்துக்கு அவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சதிக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. 1965இல் அதைக் கைவிட்டு, மற்றவர்களை விடுவித்து, மலய் ஒருவர்மேல் மட்டும் இந்திய தண்டனைச் சட்டத்தின் ஆபாசத்துக்கான 292ஆம் பிரிவில் வழக்கை நடத்தினார்கள். பொருள், ‘பிரசண்ட பைத்யுதிக் சூதார்’ என்ற நெடுங்கவிதை. சூதார் என்றால் தச்சர். தச்சர் வீட்டில் வளர்ந்த ஏசுவை நினைத்து ஆங்கில மொழிபெயர்ப்பில் அது ‘ஸ்டார்க் எலெக்ட்ரிக் ஜீசஸ்’ ஆனது. சுபா என்ற பெண்ணை விளித்து ஒருவன் மூச்சு விடாமல் பேசும் கவிதை. காமமும் சாவு பயமும் தாயின் வயிற்றுக்குள் திரும்பிப் போய்விடும் ஏக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். உடலின் உறுப்புகளும் கழிவுகளும் மறைப்பில்லாமல் பெயர் சொல்லப்படும்.

அன்றைய 292இல் ஒரு விலக்கு இருந்தது. கோயில் சிற்பங்களுக்கும் தேர்ச் சிற்பங்களுக்கும் மத நூல்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. இலக்கியத்துக்கு அப்படி ஒரு விலக்கு எழுத்தில் இல்லை. 1969 திருத்தத்தில்தான் அது சேர்ந்தது. மலய் நின்ற கூண்டில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூடக் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வழக்கின் உள்ளே நடந்ததுதான் வேதனை. அரசுத் தரப்புச் சாட்சிகளாக வந்தவர்கள் யார்? முதல் துண்டறிக்கையில் கூட நின்ற சக்தி சட்டோபாத்யாய். இயக்கத்தில் எழுதிய சந்தீபன் சட்டோபாத்யாய். வாரண்டில் பெயர் இருந்த உத்பல்குமார் பாசு. சுபாஷ் கோஷும் சைலேஸ்வர் கோஷும் தங்களுக்கும் இயக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று போலீஸாரிடம் எழுதிக் கொடுத்தார்கள். குற்றப்பத்திரிகையின் நகல் கைக்கு வந்தபோதுதான் தனக்கு இது தெரிந்தது என்று மலய் எழுதியிருக்கிறார்.

எதிர்த் தரப்பில் வந்து நின்றவர்களில் ஒருவர் சுனில் கங்கோபாத்யாய். 1953இல் ‘க்ருத்திவாஸ்’ ஏட்டைத் தொடங்கியவர். பசித்த தலைமுறைமேல் அவருக்கு மனத்தாங்கல் இருந்தது. தன் ஏட்டுக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்று தலையங்கமே எழுதியவர். அவர் கூண்டில் ஏறி, இந்தக் கவிதையில் ஆபாசம் எதையும் தான் காணவில்லை என்று சாட்சி சொன்னார். தருண் சன்யால், ஜோதிர்மய் தத்தா இருவரும் வந்தார்கள். ஒத்துப்போகாத ஒருவனின் உரிமைக்காகக் கோர்ட் படி ஏறுவது பெரிய காரியம். சுனிலின் எத்தனையோ பக்கங்களை விட அந்த ஒரு பகலுக்காக அவரை நான் அதிகம் மதிக்கிறேன்.

சாட்சி சொன்ன நண்பர்களைத் துரோகிகள் என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. உத்பல்குமார் பாசு கல்லூரி விரிவுரையாளர் வேலையை இழந்து, பின்பு லண்டன் போய்ப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பிரதீப் சௌத்ரியை விஸ்வபாரதியிலிருந்து வெளியேற்றினார்கள். சுபிமல் பசாக்கைக் காபி ஹவுஸ் வாசலில் அடித்தார்கள். சமீருக்கும் மலய்க்கும் வேலையில் சஸ்பென்ஷன். இருபதுகளில் இருந்த, மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த பிள்ளைகள். அவர்களை உடைக்கச் சிறை வேண்டியதில்லை. சம்மனும் வாய்தாவும் போதும். கல்கத்தாவில் தங்கச் சொந்த இடம் இல்லாத மலய் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அங்கே போய் நின்றார்.

வெளியே சத்தம் பெரிதாக இருந்தது. 1964 நவம்பரில் ‘டைம்’ பத்திரிகை எழுதியது. ஹோவர்ட் மெக்கார்டு என்ற அமெரிக்கக் கவிஞர் அந்தக் கவிதையை ஆங்கிலத்தில் சிறு நூலாக வெளியிட்டார். கின்ஸ்பெர்க் இந்தியாவில் செல்வாக்குள்ளவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். அவற்றில் ஒன்று கல்கத்தா அறிஞர் அபு சயீத் அய்யூபுக்கு. பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான இந்தியக் குழு என்ற அமைப்போடு அய்யூப் இணைந்திருந்தார். கம்யூனிஸ்ட் நாடுகளில் எழுத்தாளன் ஒடுக்கப்பட்டால் குரல் கொடுக்கும் நீங்கள், உங்கள் ஊர்ப் போலீஸ் பிடித்துப் போன கவிஞனுக்காக ஏன் பேசவில்லை என்பது கின்ஸ்பெர்க்கின் கேள்வி. அய்யூபின் பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை; கோபமான கடிதங்கள் போய் வந்தன. அந்தக் குழுவின் சர்வதேசத் தாய் அமைப்புக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. பணம் கொடுத்து வந்தது 1966–67இல் உலகுக்குத் தெரிந்தது. அய்யூப் அதை அறிந்திருந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுதந்திரம் என்ற சொல்லைப் பெயரில் வைத்திருந்த ஒரு சபை, பக்கத்துத் தெருவில் கயிறு கட்டி நடத்தப்பட்டவனுக்காக வாய் திறக்கவில்லை. அதை மறக்கவும் முடியவில்லை.

1965 டிசம்பர் 28 அன்று பாங்க்ஷால் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலய் குற்றவாளி. அபராதம் 200 ரூபாய். கட்டத் தவறினால் ஒரு மாதச் சிறை. அவர் மேல்முறையீடு செய்தார். 1967 ஜூலை 26 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

வழக்கில் ஜெயித்தார். ஆனால் திரும்பி வந்து பார்த்தபோது இயக்கம் இல்லை. நண்பர்கள் பிரிந்திருந்தார்கள். மலய் எழுதுவதை விட்டார். வேலையில் சேர்ந்து, கிராமப்புறக் கடன் துறையில் இந்தியாவின் சிற்றூர்களைச் சுற்றினார். மறுபடி பேனாவைத் தொட்டது 1980களில். ஒரு தபால் தலைக்கும் ஒற்றைத் தாளுக்கும் பயந்த அரசாங்கம், அபராதம் திருப்பித் தரப்பட்ட பிறகும், ஒரு கவிஞனின் பதினைந்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டது.

இன்று அவரை ஏன் படிக்க வேண்டும்? அதிர்ச்சிக்காக அல்ல. அந்தக் கவிதையில் அன்று அதிரவைத்த சொற்களை இன்று கைப்பேசியில் ஒரு சிறுவன் சாதாரணமாகக் கடந்து போகிறான். சொல்லப் போனால், அதிர்ச்சி வடிந்த பிறகு அதன் குறை நன்றாகத் தெரிகிறது. சுபா அந்தக் கவிதையில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் உடல் இருக்கிறது, அவள் இல்லை. ஆணின் வேதனை இறங்கும் இடமாகவே அவள் நிற்கிறாள். இயக்கத்திலும் பெண்கள் பெயருக்குத்தான் இருந்தார்கள். கட்டுகளை எல்லாம் அறுத்தெறிந்தவர்கள் இந்த ஒரு கட்டை அவிழ்த்துப் பார்க்கவே இல்லை. மலயைக் கொண்டாடுகிறவர்கள் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. தண்டிக்கப்பட்ட கவிதை என்பதால் அது குறையில்லாத கவிதை ஆகிவிடாது. குறையுள்ள கவிதை என்பதால் அதை எழுதியவன் கூண்டில் நிற்க வேண்டியவனும் இல்லை.

அவர் இன்றும் வேண்டியவராக இருப்பது வேறு காரணத்தால். எந்த வங்காளம் அச்சேறத் தகுந்தது, அதை யார் முடிவு செய்வது என்ற கேள்வியை அவர் நீதிமன்றம் வரை இழுத்துப் போனார். இம்லிதலாவின் வாயில் புழங்கிய சொல் கவிதைக்குள் வந்தால் அது ஏன் ஆபாசம் ஆகிறது? அதே உறுப்பு சமஸ்கிருதப் பெயரோடு வந்தால் ஏன் அலங்காரம் ஆகிறது? அதே 1965இல், மே 6 நள்ளிரவில், ஹைதராபாத்தில் தெலுங்கின் திகம்பர கவிகள் ஆறு பேர் தங்கள் முதல் தொகுப்பை நாம்பள்ளி பாண்டு என்ற ரிக்‌ஷாக்காரரின் கையால் வெளியிட்டார்கள். கல்கத்தாவில் கேட்ட கேள்வியின் இன்னொரு வடிவம்தான் அதுவும். நம் பக்கத்தில் சாதியாலும் வட்டாரத்தாலும் ஒதுக்கப்பட்ட பேச்சு மொழியை இலக்கியத்துக்குள் கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள்.

சட்டத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஹிக்ளின் அளவுகோலை உச்ச நீதிமன்றம் கைவிட்டது 2014இல், அதுவும் ஒரு கல்கத்தாப் பத்திரிகை நிறுவனத்தின் வழக்கில். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 292ஆம் பிரிவு அதில் 294 ஆகியிருக்கிறது. எண் மாறியது, குற்றம் இருக்கிறது. 1964இல் அதிகபட்சத் தண்டனை மூன்று மாதம். இன்று முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுகள் வரை.

சட்டம் வேண்டிய நிலைமைகூட எப்போதும் இல்லை. 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த ‘சமாதானப் பேச்சு’க்குப் பிறகு பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தது நமக்குத் தெரியும். அங்கே குற்றப்பத்திரிகை இல்லை, மாஜிஸ்ட்ரேட் இல்லை. 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை மீட்டுக் கொடுத்தது. அதற்குள் ஒன்றரை ஆண்டு போயிருந்தது. ஒரு எழுத்தாளனுக்கு மேல்நீதிமன்றத்தில் கிடைக்கும் நியாயம் எப்போதும் தாமதித்தே வருகிறது என்பதை மலயின் வழக்கோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போது புரிகிறது.

சக்திக்கு 1983இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. சுனிலுக்கு 1985இல். சந்தீபனுக்கு 2002இல். உத்பல்குமாருக்கு 2014இல். மலய்க்கும் 2003இல் அகாதமி மொழிபெயர்ப்பு விருதை அறிவித்தது, தரம்வீர் பாரதியின் ‘சூரஜ் கா சாத்வான் கோடா’வை வங்காளத்துக்குக் கொண்டு வந்ததற்காக. அவர் வாங்க மறுத்துவிட்டார். எந்த விருதையும் வாங்குவதில்லை என்ற முடிவில் அவர் கடைசிவரை நின்றார்.

மலய் ராய் சௌத்ரி 2023 அக்டோபர் 26 அன்று மும்பையில் காலமானார். 84ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது.

மலய் விடுதலையான அதே 1967இல், ‘தேஷ்’ இதழின் பூஜை மலரில் சமரேஷ் பாசுவின் ‘பிரஜாபதி’ நாவல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதன்மேல் வழக்கு. அதே நகரம், அதே 292. அந்த வழக்கு முடிய 17 ஆண்டுகள் ஆயின. அதை அடுத்த இதழில் பார்ப்போம்.